நீர்மட்டம்

பதினோராவது தடவையாக முதல் அத்தியாயம்.
நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கழித்த படிவங்களில் எழுதுகிறேன்.
பின்பக்கம் என்னுடையது,
முன்பக்கத்தில் யாரோ அளந்த மழை.

நாட்டுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.
ராணி கருநாச்சி. குளத்தின் அடியில்
தலைகீழாகத் தொங்கும் கோட்டை அவளுடையது.
வரியாக நெல் கேட்கமாட்டாள், நிழல் கேட்பாள்.
ஆளுக்கு ஒன்று. பிள்ளைக்குப் பாதி.
கொடுத்தவர்கள் உச்சிவெயிலில் மட்டும்
மற்றவர்களைப் போல இருப்பார்கள்.

இவ்வளவும் சரி. இதை யார் சொல்வது?

கருநாச்சியையே முதலில் சொல்லவிட்டேன்.
நாற்பது பக்கம் சொன்னாள்.
நன்றாகச் சொன்னாள், அதுதான் பிழை.
தன் பசிக்கு அவள் அடுக்கிய நியாயங்களில்
ஓரிடத்தில் எனக்கே மனம் இளகிவிட்டது.
கிழிக்கவில்லை. அரிசி வாளிக்குக் கீழே கிடக்கிறது.

பிறகு ஒரு கரடி.
பாலைப்பழக் காலத்தில் குளக்கட்டுக்கு அந்தப்பக்கம் வருமே,
அதை நினைத்து எழுதினேன்.
ஒட்டுசுட்டான் காடு முழுக்க நிழலிழந்து நடக்க
அது பழத்தைப் பற்றியே பேசியது.

எல்லாம் அறிந்த குரலொன்று மேலிருந்து சொல்லலாம்.
'மேலிருந்து' என்று எழுதியதும் பேனா நின்றது.
மேலேயிருந்து எங்களைப் பார்த்துப்போன எதுவும்
கதை சொல்ல வந்ததில்லை.

நிழலைக் கொடுத்த பெண்ணே 'நான்' என்று தொடங்கட்டும் என்று
சனிக்கிழமை பஸ்ஸில் தவசீலியிடம் சொன்னேன்.
ஆடைத்தொழிற்சாலையில் சட்டைக் கை பொருத்துகிறவள்,
தாட்சண்யம் பாராமல் வாசிப்பவள்.
"நான் எண்டு தொடங்கினா, ஆள் தப்பீட்டுது எண்டு
முதல் வரியிலயே தெரிஞ்சிடும். பிறகென்ன பயம்?"
"தப்பினா பயம் முடிஞ்சிடுமோ?"
அவள் பணிஸை இரண்டாகப் பிய்த்தாள்.
மாங்குளம் வரும்வரை
இருவரும் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

என் வேலை இதுதான்: காலை ஆறரைக்குக் கட்டில் ஏறி
துருசடியில் நட்ட அளவுகோலைப் பார்த்து
அடி, அங்குலம் பதிந்து
பொறியியலாளருக்குப் போனில் சொல்வது.
விரால் துள்ளினால் கோடு கலங்கும். தெளியும்வரை நிற்பேன்.
நேற்று அப்படி நின்றபோதுதான் அவன் வந்தான்,
கருநாச்சியின் துருசுக்காரன்.
நிழல்கள் கீழிறங்கும் வழியைத் திறந்து பூட்டுகிறவன்.
கொம்பு இல்லை. சம்பளம் உண்டு,
இரண்டு மாதம் பிந்தித்தான் வரும்.
யாருடைய நிழல் என்று அவன் பார்ப்பதில்லை,
மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பான்.
கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லையாம்,
ஒரேயொரு நாள் தவிர.
அந்த நாளைக் கேட்டால்
காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சொல்கிறான்.

அவனை எனக்குப் பிடிக்கவில்லை.
காலபோகக் கூட்டத்தில்
பக்கத்துக் கதிரையில் இருந்து, ரீ வந்ததும்
முதல் கோப்பையை எனக்கு நீட்டக்கூடிய முகம்.
போ என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் தொடங்கிவிட்டான்:

'அன்று நீர்மட்டம் இருபத்தொரு அடி, நாலரை அங்குலம்.
மழை இல்லை.'

அந்த அரை எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை. எழுதிக்கொண்டேன்.
விளக்கை அணைக்க எழும்பியபோது
சுவரில் என்னுடையது இருக்கிறதா என்று பார்த்தேன்.
அணைக்காமலே படுத்தேன்.

இன்று காலை பொறியியலாளர் எடுத்தார்.
"பிள்ளை, ஒரே இரவில குளம் ரெண்டடி ஏறினதாப் பதிஞ்சிருக்கிறீர்.
எங்கத்தை மழை இது?"

பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்துத்தான்.
சிவப்புப் பேனாவால் வெட்டிச் சரியானதை மேலே எழுதினேன்.
வெட்டின கோட்டுக்குக் கீழே
அந்த அரை அங்குலம்
இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.