பதினொன்று புள்ளி நாலு கிராம்

இரண்டு டப்பா போதும் என்றார்கள்.
மாதுளை ருசி மால்ட்டு பானம்,
நெற்றியிலேயே எழுதியிருந்தது
ஆல்கஹால் கிடையாது என்று.
குடித்து, கழுவி, கவிழ்த்து வைத்தேன்
கேம்ப் அறை ஏசியின் தலைமேல்.

பிளேடைத் தடித்த புத்தகத்துக்குள் செருகிவிட்டு
டப்பாவைத்தான் சுற்ற வேண்டும்.
பிளேடு சும்மா இருக்கும்.
என்னிடம் இருந்த ஒரே தடித்த புத்தகம்
கம்பெனியின் பாதுகாப்புக் கையேடு.
நானூறு பக்கம்.
இப்போதுதான் முதல் உபயோகம்.

இதன் அடிப்பாகம், அதன் அடிப்பாகம்,
விளிம்பை நெளித்து ஒன்றுக்குள் ஒன்றை
அழுத்தும்போது கிழிந்தது.
மறுநாளும் கிழிந்தது.
அவசரம் தெரிந்தால் அலுமினியம் வாய் பிளந்துவிடும்.
மூன்றாம் நாள் இரவு, ஷிஃப்ட் முடிந்த அசதியில்,
தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

குண்டூசியால் பதினாறு துளை.
சுத்தியலுக்குப் பதில் செருப்பு.
பதினேழாவது கைதவறி விழுந்தது, கொஞ்சம் கோணலாக.
இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜவ்வாது வேலை பார்க்கும் நகைக்கடையில்
ஆளில்லாத மதியம் தராசில் ஏற்றினோம்.
கண்ணாடிக் கதவைச் சாத்தினான். மூச்சைப் பிடித்தோம்.
பதினொன்று புள்ளி நாலு.
"பொன்னா இருந்தா உன் மூணு மாசச் சம்பளம்."
துண்டுச்சீட்டில் பில்லும் போட்டான்:
உருப்படி, அடுப்பு ஒன்று.
செய்கூலி இல்லை.
சேதாரம், டப்பா ஆறு.

எரிக்க என்ன ஊற்றுவது?
சொஹார் கடைத்தெருவில் அத்தர் கடை,
வாசனை கலக்கும் ஸ்பிரிட் அங்கே உண்டு.
"எது கலக்கட்டும், ஊதா, மல்லிகையா?"
"ஒன்றும் வேண்டாம்."
கடைக்காரர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"குடித்தால் கண் போகும்."
பையிலிருந்து அடுப்பை எடுத்து நீட்டினேன்.
வாங்கி,
முகர்ந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மலையேறினோம், மூன்று பேர்.
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
கிரேன் ஓட்டிச் சம்பளம் வாங்கும் இன்னாசி
ஆட்டுத்தடத்தில் பாறையைத் தழுவித் தழுவி வந்தான்.
வாதியில் தண்ணீர் இல்லை.
சுமந்த தண்ணீரைக் கிண்ணத்தில் அளந்து ஊற்றி
நாலு மணி வெயிலில் குச்சி கிழித்தேன்.

தீ இல்லை.
இன்னொரு குச்சி.
இல்லை.
"இதுக்கா ஒரு தராசு?" என்றான் இன்னாசி,
இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்று பாட்டிலைத் திருகினான்.

நான் அவன் கையைத் தட்டிவிட்டது புத்தியால் அல்ல.
அடுப்புக்குப் பின்னால் இருந்த பாறை
லேசாக நடுங்கியது.
பாறை நடுங்காது,
அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முதல் குச்சியிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது
வெயிலுக்குள் வெயிலாக.
மணிக்கட்டு மயிர் பொசுங்கிய நாற்றம்
மெல்ல எழுந்தது.
யாரும் பேசவில்லை.
பிறகு ஜவ்வாது கேட்டான்,
அந்தக் கையேட்டில் இது எத்தனையாம் பக்கம்?

எட்டு நிமிஷம். கொதித்தது.
தேயிலை, சர்க்கரை, பால்பவுடர்.
ஒரே டம்ளர் மூன்று கை மாறியது,
இன்னாசிக்கு இடது கை.

இருட்டியதும் இன்னொரு தடவை பற்றவைத்தேன்,
தேநீருக்காக இல்லை,
பார்ப்பதற்கு.
பதினாறு நீலம் நேராக நின்றன.
பதினேழாவது மட்டும் வெளியே சாய்ந்து
யாரிடமோ வழி கேட்பதுபோல.

தூரத்தில், கடலோரம், ரிஃபைனரியின் தீ.
பகலிலும் தெரியும், இரவில் மேகத்துக்கும் தெரியும்.
அதன் காலடியில்தான் எங்கள் மூவரில் இருவருக்கு வேலை.
அதை இதுவரை எந்தத் தராசிலும் வைத்துப் பார்க்கவில்லை.

முப்பது மில்லி தீர்ந்தது.
நீலம் ஒவ்வொன்றாக உட்கார்ந்தது,
கோணல்தான் கடைசி.

ஆறும்வரை தொடாதே என்று சொல்லத் திரும்பினேன்.
இன்னாசி ஏற்கெனவே தொட்டிருந்தான்.