நூற்று நாற்பத்து மூன்றாவது புலம்

பல்லடம் தாண்டி, மில் சுவர்களுக்கு நடுவே
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம்.
நுண்ணோக்கியின் கண்ணில் ஒரு போனைப்
பூட்டிவிட்டுப் போனார்கள்.
லட்சம் ரத்தப் பூச்சு பார்த்துப் பழகியதாம்.
மலேரியாப் பூச்சி தெரிந்தால்
சிவப்புக் கட்டம் போடும்.

முதல் வாரம் ஊருக்கே மலேரியா.
பால்கார செங்கோடனுக்குக் கட்டம்,
சளிக்கு வந்த வாத்தியாருக்குப் பதினேழு.
சந்தேகப்பட்டு என் விரலைக் குத்தி வைத்தேன்.
எனக்கும் நாலு.

தண்ணிதானுங்க.
அது படித்த ஊரில் நல்ல தண்ணியில் சாயம் கரைத்திருப்பார்கள்.
இங்கே எண்ணூறடி போரில் ஏறுவது
உப்பும் சாயப்பட்டறையும்.
கீம்சா அதில் திரிந்து ஊதாப் பொடியாய்ப் படியும்.
மெக்கானிக் கடையில் பேட்டரி தண்ணி வாங்கி
‘ஸ்டெயினுக்கு மட்டும்’ என்று ஒட்டி வைத்தேன்.
பாதியை ஆம்புலன்சுக்கு ஊற்றிவிட்டார் டிரைவர்.

பொடியா பூச்சியா?
எனக்குத் தெரிந்தது ஒரே வழி:
நுண்குமிழை ஒரு துளி திருப்பு.
பொடி செல்லின்மேல் உட்கார்ந்திருப்பது.
செல் மங்கும்போது அது மினுங்கும்.
பூச்சி உள்ளே குடியிருப்பது.
இரண்டும் ஒட்டுக்கா மங்கும், ஒட்டுக்கா தெளியும்.
போனுக்கு விரல் இல்லை.

ஆடிக்காத்து ஜன்னலை அடித்த சாயங்காலம்
சுமி ஹெஸ்ஸா. ஸ்பின்னிங் மில், ராத்திரி ஷிப்ட்,
ஊர் சாய்பாசா பக்கம்.
விடுதிப் போர்வையோடு நடுங்கி வந்தாள்.
அன்றைக்கு அது என் அறுபதாவது ஸ்லைடு.
நூறு புலம் பார்த்து
‘இல்லை’ என்று எழுதி நோட்டை மூடினேன்.
போன் மட்டும் நகர்த்து நகர்த்து என்றது.
புலம் பெயர்த்தேன், புலம் பெயர்த்தேன்,
நூற்று நாற்பத்து மூன்றில் ஒற்றைக் கட்டம்.
பொடிதான் என்று குமிழைத் திருப்பினேன்.
செல்லோடு மங்கியது.
திருப்பினேன்.
செல்லோடு வந்தது,
ஒற்றைக்கல் மோதிரம்.

‘இல்லை’யை அடித்த கோடு
கொஞ்சம் கோணல்.

வைவாக்ஸ். பதினாலு நாள் மாத்திரை.
நாலாம் நாள் விடுதிக்குப் போனால் கட்டில் காலி.
“அந்த இந்திக்காரப் புள்ளைங்களா?
காங்கேயம் பக்கம் வேற மில்லுக்குப் போயிருச்சுங்க.”
ஈரலில் தூங்குவதும் அவளோடு
பஸ் ஏறியிருக்கும்.

முடிவு சரியா, தவறா என்று கேட்டது திரை.
சரி என்று தொட்டேன்.
நன்றி சொல்லி
அடுத்த ஸ்லைடு கேட்டது.

இருக்கட்டும்.
ஒவ்வொரு மில்லாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.
எஸ்ஸா இல்லைங்க, ஹெஸ்ஸா.
‘ஹெ’ங்க.
ஹெலிகாப்டர் ‘ஹெ’.