பிசானச் சேறு

கார்த்திகை பிறந்தால் என் சைக்கிள் நிறம் மாறிவிடும்.
வாங்கும்போது பச்சை.
இப்போது கன்னடியன் கால்வாய் பாய்கிற வயல்களின் நிறம்.

நடவுக்கு உழுதுவிட்டு
கூண்டுச் சக்கரத்தோடு ரோட்டில் ஏறுகிற டிராக்டர்
கட்டி கட்டியாக வயலைக் கொட்டிக்கொண்டே போகும்,
சேரன்மகாதேவியிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும்.
அதன்மேல் மழை. அதன்மேல் நான்.

அரை மரக்கால் விதைப்பாடுகூடச் சொந்தமில்லை எனக்கு.
மட்கார்டுக்கு அடியில் மட்டும்
வருசாவருசம் நாலைந்து பேருடைய நிலம்.

இன்றைக்கு ராத்திரி டியூட்டி. பகல் என்னுடையது.
போன வாரத்து வெட்கம் இன்னும் ஆறவில்லை:
செயின் கழன்று கவருக்குள் சிக்கி
கால்வாய்ப் பாலத்து இருட்டில்
விரலாலேயே தேடி மாட்டி
ஏழு நிமிடம் பிந்திப் போனேன்.
கேட்டை என்னிடம் ஒப்படைக்கக் காத்திருந்த லூர்து அண்ணன்
ஒன்றும் சொல்லவில்லை.
ரெஜிஸ்டரில் என் பேருக்கு நேரே
எட்டு மணி என்று எழுதியிருந்தார்.
அதுதான் உறுத்துகிறது.

தலைகீழாகக் கவிழ்த்தேன். சீட்டுக்கு அடியில் உரச்சாக்கு.
காய்ந்த சேற்றில் எடுத்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது,
மறுபடி வயலாகிவிடும்.
ஈர்க்குச்சியால் சுரண்டினேன்.
மட்கார்டு மடிப்பில்
ஒரு நெல்நாற்று, வேரோடு, பச்சையாக.
பிடுங்கி எறிய மனமில்லை.
உடைந்த வாளியில் ஊன்றிவிட்டு வந்தேன்.

அரைப் பாட்டில் மண்ணெண்ணெய்க்கு மூன்று வீடு ஏறினேன்.
பிரஷ் மகனுடையது, பிடியில் முயல் பொம்மை.
ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன், எண்ணிக்கொண்டே.
எண்பதில் யாரோ கூப்பிட்டார்கள்,
எண்ணிக்கை போயிற்று,
செயின் இன்னும் இருந்தது.

முதல் வருசம் விவரம் தெரியாமல்
தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயையே ஊற்றினேன்.
மார்கழி விடியலில் அது
வெள்ளையாக உறைந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.
இப்போது தையல் மெஷின் எண்ணெய்,
கண்ணிக்கு ஒரு சொட்டு, வழிகிறதைத் துணியால் ஒற்றி.

சக்கர அச்சுக்குப் போட்டது ரயில்வே கிரீஸ்.
கேட் வின்ச்சுக்கு வந்த டப்பாவில் ஒரு விரல் எடுத்தேன்.
திருட்டுதான்.
கேட்டை மூட நான் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டாமா
என்று விரலிடம் நியாயம் சொன்னேன்.
விரல் ஒத்துக்கொண்டது.
சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை.
சோற்றில் கை வைக்கும்போதும் நகக்கண்ணில் கறுப்பு.

ஏழேகாலுக்குப் புறப்பட்டேன். நல்ல கூதல்.
வாடை எதிர்த்து அடித்தும்
பெடல் தானாகக் கீழே போயிற்று.
அடியில் சைக்கிள் இருக்கிறதா என்று
ஒருதரம் குனிந்தே பார்த்தேன்.

நல்லபெருமாள் கடையில் கிளாஸ் தயாராக இல்லை.
“என்ன யக்கா, பேய் கணக்கா வந்து நிக்கிய!
ஒங்க செயின் கரையுத சத்தம்
பாலத்துல கேட்டாத்தான
நான் பாலத் தூக்கி அடுப்புல வைப்பேன்!”

மூன்று வருசமாக அப்படித்தானாம்.
நான் வருகிறதைக் கண்ணால் பார்த்து
ஊற்றுகிறான் என்றல்லவா இருந்தேன்.

பால் காய்கிற வரைக்கும் நிற்க நேரமில்லை.
“நாளைக்குப் பாலத்துல பெல் அடிக்கேன்” என்றேன்.
அடித்தும் காட்டினேன்.

டொக்.

ஆணி ஆணியாகத் துடைத்தவள்
பெல்லின் மூடியைக் கழற்றவில்லை.
உள்ளே ஐப்பசி அப்படியே இருந்தது.

கொதிக்காத டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்றான்.
வெறும் வயிற்றோடு மிதித்தேன்.
கேட்டில் இறங்கும்போது
எட்டு ஆக ஒன்பது நிமிடம்.

லூர்து அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்,
சைக்கிளைப் பார்த்தார்,
என் நகத்தையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.
ரெஜிஸ்டரைத் திறந்து
எட்டு மணி என்று எழுதினார்.