சோப்பு

லியோங் கடையில் சம்சுவுக்குப் பெயர் சோப்பு.
ஐந்நூற்று ஐம்பத்தைந்து புத்தகத்தில்
அப்படித்தான் எழுதுவான்.
கேட்டுக்கொண்டது நான்.

மழை மாசம்.
பெரட்டுக்குப் போய், குலை வெட்டாமல்
பதினோரு நாள் திரும்பினோம்.
பதினோரு சோப்பு.

சம்பளத்தன்று கணக்குப் பார்த்த மரகதவல்லி
என் சட்டையை விளக்கடியில் பிடித்தாள்.
"இத்தனை சோப்பு போட்டும்
காலரு வெளுக்கலையே."

சிரிக்கவில்லை.
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று
புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினேன்.

உப்பு. உப்பு. மறுபடி உப்பு.
ஒன்பது இடத்தில், ஐந்தைந்து வெள்ளி,
அதே லியோங்கின் கோழிக் கிறுக்கலில்.

குழம்பு என்றைக்கும் சப்பென்றுதான் இருந்தது.

அடுப்படியில் சின்னவள்
பழைய பல் பிரஷால்
புதுப் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு
வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள்,
தலை நிமிராமல்.