காற்றில் ஒரு புறம்போக்கு

கடிதம் கான்பெராவிலிருந்து வந்தது.
மூடச் சொல்லவில்லை.
'இடப்பெயர்வு' என்று எழுதியிருந்தார்கள்,
வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவர்
நல்ல காற்றோட்டமான இடம் பார்த்திருக்கிறேன் என்பதுபோல.
டிசம்பர் முப்பத்தொன்று, நள்ளிரவு வரை அலைவரிசை உங்களுடையது.
அதன்பின் இன்டர்நெட்டுக்குப் போய்விடுங்கள்,
எல்லோரும் அங்கேதானே இருக்கிறார்கள்.

நான் மோரின் டில்க்ஸ்.
மெல்பர்னின் மேற்கே, ஃபுட்ஸ்கிரேயில்,
பழைய கம்பளக் கிடங்கின் மாடியில்
வாரம் மூன்று இரவு, சம்பளமில்லாமல்
ஒளிபரப்புப் பொத்தான்களை அழுத்துகிறவள்.
பகலில் ஒரு பல் மருத்துவருக்குக் கணக்கு எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு மால்டா மொழியில் சமையல்.
கார்மனு ஸம்மிட் வெங்காயம் நறுக்கி அழுவார்,
அழுததை வெட்டிவிடாதே என்பார்.
ஏழரைக்குக் க்ளைவ் ஆஸ்பரியின் தூண்டில்.
பெரும்பாலும் மீன் சிக்காது.
அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.
எட்டுக்கு ஓரோமோ செய்தி.
லென்சா டாக்ஸியைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு
மூச்சிரைக்க மாடியேறி வருவாள்.
ஒருமுறை தலைப்புச் செய்திக்கும் வானிலைக்கும் நடுவே
கீழே அபராதச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அதிகாரி ஒருவர் வந்தார்.
நல்ல மனிதர்தான், காலணியைத் துடைத்துவிட்டு ஏறினார்.
"அலைவரிசை ஏறக்குறைய சும்மா கிடக்கிறது.
ஏலம் விட்டால் ஃபோன் கம்பெனிகள் வாங்கும்."

சும்மா கிடக்கிறதாம்.
ஊர் மாடு மேய்கிற புறம்போக்கைப் பார்த்து
அளவுச் சங்கிலியோடு வருகிறவர் எப்போதும் சொல்வது அதுதான்.
பட்டா இல்லை, ஆகவே யாருடையதும் இல்லை என்பது அவர் கணக்கு.
பட்டா இல்லாததால்தானே
கார்மனுவும் க்ளைவும் லென்சாவும்
ஒரே மாலையில் மேய முடிகிறது!

"இன்டர்நெட் இல்லாதவர் இந்தக் காலத்தில் யார்?" என்றார்.
நான் மேசை இழுப்பறையைத் திறந்தேன்.

கோடிட்ட தாள். நாற்பத்தொரு கையெழுத்து,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறை அறை எண்.
எழுதியவர் செமிசி ஹலாபுவா.
'இங்கே இன்டர்நெட் கிடையாது. கூரையில் ஆன்டெனா இருக்கிறது.
ஞாயிறு மாலை டோங்கா மொழி நிகழ்ச்சியில்
எங்கள் தேவாலயத்தின் மூன்றாம் வரிசை தெரியும்.
என் மகள் அங்கே உட்கார்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறாள்.
நீங்கள் இடம் மாறினால்
நான் எப்படிக் கூட வருவது?'

அதிகாரி இரண்டு முறை படித்தார்.
தொண்டையைச் செருமினார்.
"இதை ஆன்லைன் படிவத்தில்தான் சமர்ப்பிக்க வேண்டும்."

படிவம் மின்னஞ்சல் முகவரி கேட்டது, என்னுடையதைக் கொடுத்தேன்.
இரண்டாவது பெயருக்கே
'இந்த முகவரி ஏற்கெனவே கருத்துத் தெரிவித்துவிட்டது' என்றது.
மிச்சம் நாற்பது பேர்
வாசலில் நிற்கிறார்கள்.
பதிவுத் தபாலில் அனுப்பினேன். லென்சா மீட்டர் போடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கடைசி இரவு கேக் வெட்டியாகிவிட்டது.
க்ளைவ் தூண்டிலைச் சுருட்டி, கேமராவைப் பார்த்து
"இவ்வளவுதான், வருகிறேன்" என்று சொல்லி,
போக மனமில்லாமல் அங்கேயே நின்றார்.
திரையைக் கறுப்பாக்கும் பொத்தானின் அருகே
என் விரல் காத்திருந்தது.
பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி.
ஆறு மாதம் நீட்டிப்பு.

ஏன் என்று சொல்லவில்லை. கடிதமா, தேர்தலா,
ஏலத்துக்கு ஆள் வராததா, எங்களுக்குத் தெரியாது.
கார்மனு மிச்சக் கேக்கைப் பொட்டலம் கட்டினார்.

அடுத்த வாரம் க்ளைவ்,
"மன்னியுங்கள், போன வாரம் செத்துப்போயிருந்தேன்"
என்று ஆரம்பித்துத் தூண்டிலை வீசினார்.
அன்றும் ஒன்றும் சிக்கவில்லை.

ஆறு மாதம்.
வளர்கிற பிள்ளைக்கு ஒரு சட்டை அளவு.
ஜூனில் மறுபடி கடிதம் வரும்,
இழுப்பறையைப் பூட்டவில்லை.
கறுப்புப் பொத்தானின் மேல் மட்டும்
பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன்,
துடைக்கிறவர் கை தவறிக்கூடப்
பட்டுவிடக் கூடாதென்று.