முதல் தடவையா?

பிலியந்தலை தாண்டும்போதே
துவாரகன் சப்பாத்தைக் கழற்றிவிட்டான்.
வெள்ளவத்தைக் கடலுக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்தவன்,
நீந்தத் தெரியாது.
வங்கி அட்டைக்கு முப்பது வீதக் கழிவு:
இரண்டு பகல், ஓர் இரவு,
தண்ணீர் விளையாட்டும் பழைய தோட்டத்து விடுதியும்
ஒரே பற்றுச்சீட்டில்.

பொல்கொட ஏரி
பால் விடாத தேத்தண்ணியாய் ஆறிக் கிடந்தது.
செம்மஞ்சள் அங்கியின் வாரை
என் விலாவில் இறுக்கியபடி சமிந்து சொன்னான்,
அவனுக்குத் தெரிந்த தமிழில்:
"முதல் விழுறது படிங்க மிஸ்.
நிக்கிறது பிறகு."

விழுந்தேன்.
பலகையின் இடப்பக்கம் ஒன்பது தடவை,
வலப்பக்கம் எண்ணவில்லை.
துவாரகன் ஜெட்ஸ்கியின் பின்னிருக்கையில்
யாரோ ஒரு பையனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு
முருகா முருகா என்று அக்கரைவரை போய்
அதே முருகனோடு திரும்பி வந்தான்.
கடைசியில் முழங்காலில் நின்றேன்.
அதற்கடுத்து,
ஒரு நீர்க்காகம் முங்கி எழும் நேரம்,
காலில்.
யாரும் பார்க்கவில்லை.

நாலரைக்குத் தோட்டம்.
வெட்டுக்காயம் ஆறிய றப்பர் மரங்கள்.
வரவேற்புக்குச் சிரட்டையில் இளநீர்,
பால் வடிகிற அதே சிரட்டை,
கழுவி, வார்னிஷ் பூசி.
வாசலில் பிரட்டு மணி.
"விரும்பினால் அடித்துப் பார்க்கலாம்"
மூன்று மொழியிலும்.
ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை விரும்பி விரும்பி அடித்தது.
ஐந்தரை, ஐந்தரை என்றது
எனக்கு மட்டும்.

எங்கள் அறைக்குப் பெயர் கறுவா.
பக்கத்தில் ஏலம், அதற்கப்பால் சாதிக்காய்.
ஒரே கூரை, ஒரே சுவர், ஆறு கதவு.
ஆறு கதவு ஒரு வரிசையில் இருந்தால்
அதற்கு வேறு பெயர் உண்டு.
துவாரகன் ஏசியின் ரிமோட்டைத் தேட
நான் பாதம் பாதமாக அளந்தேன்.
பத்துக்குப் பன்னிரண்டு.
அவிசாவளையில் இதே அளவுக்குள் நாங்கள் ஏழு பேர்,
புகை எட்டாவது.
இங்கே இஸ்தோப்பை இடித்துக்
கண்ணாடிக் குளியலறை வைத்திருந்தார்கள்.
இரவுக்கு இருபத்தாறாயிரம்,
காலைச் சாப்பாடு சேர்த்து.

உத்தரத்தில் ஓர் இரும்புக் கொளுக்கி,
அதில் பிரம்பு விளக்கு.
"ஏணைக்கோ?" என்றான், படுத்தபடி அண்ணாந்து.
"தொட்டிலுக்கு."
"அதுதானே."
"அதுதான்."
பிறகு சொன்னேன். எல்லாம் இல்லை.
காம்பரா என்ற சொல்லை,
அந்தப் பக்கம் யாராவது இருமினால்
இந்தப் பக்கம் தண்ணீர்ச் செம்பு எடுப்பதை.
கல்யாணம் முடித்து நாலு வருடம்.
அவன் எழுந்து ஏசியை நிறுத்தினான்,
ஏனென்று அவனுக்கும் தெரியாது.
கொஞ்ச நேரத்தில் வியர்த்தது.
நானே எழுந்து போட்டேன்.
நன்றாகத்தான் தூங்கினேன், அதையும் சொல்லியாக வேண்டும்.
அவ்வளவு நல்ல மெத்தை.

ஞாயிறு காலை கிரிபத், கட்டைச் சம்பல்.
கணக்கு முடிக்கையில் ஒரு படிவம்.
உணவு: நன்று. படகு: நன்று.
இது உங்கள் முதல் தடவையா?
இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
மேசைக்குப் பின்னிருந்த பெண் கணினியில் தேடினாள்.
"மிஸ்ட பேர் இல்லையே."
செக்ரோலில் பாருங்கள் என்று வாய்வரை வந்ததை
சில்லறையோடு சேர்த்துப் பைக்குள் போட்டேன்.

தெஹிவளைச் சந்தியில் வாகனங்கள் நகரவில்லை.
நேற்றிலிருந்து காதுக்குள் அடைத்திருந்த ஏரி
சூடாக இறங்கியது கழுத்தில்.
துவாரகன் ரோட்டைப் பார்த்தபடி
டிஷுப் பெட்டியை என் பக்கம் தள்ளினான்.
"காதுதான்," என்றேன்.