பன்னிரண்டடிக் கோடு

தண்டர் பேயில் நவம்பர் மாதம்
மாலை ஐந்துக்கே இருட்டு.
பழைய டயர்க் கிடங்கு. ரப்பர் வாடை இன்னும் போகவில்லை,
அதன்மேல் ஈர மரவாடை, அதற்கும் மேல் பீட்சா.
காகித ஆலையின் கணக்குப் பிரிவு, பதினொரு பேர்.
வாசலில் ஆளுக்கொரு படிவம்:
விரல் போனாலும் கால் போனாலும் நிர்வாகம் பொறுப்பல்ல.
எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.
நான் படித்தேன்.
சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்கு
படிக்காமல் இருக்க வராது.

சொல்லித்தந்த பெண் ஷெல்பி,
இடுப்பில் தண்ணீர்ப் புட்டி.
பீய்ச்சி பீய்ச்சிப் பலகையை நனைத்தாள்.
காய்ந்த பலகை கோடாரியைத் துப்பிவிடுமாம்,
ஈரம் இருந்தால்தான் வாங்கிக்கொள்ளுமாம்.
"பலம் வேண்டாம். பின்னால் கொண்டுபோய்
முன்னால் வரும்போது
கண்ணுக்கு நேரே கை விட்டால் போதும்.
மீதியை அது பார்த்துக்கொள்ளும்."

"கேட்டீர்களா, கைவிடத் தெரியணும்!"
டெஸ்மண்ட் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.
அவர் எங்கள் மேலாளர்.
அவருடைய மேசை இழுப்பறையில் ஐந்து உறைகள்.
திங்கட்கிழமை பத்து மணிக்கு.
ஐந்தையும் தட்டச்சு செய்தவள் நான்,
ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருந்தது,
திருத்தி மறுபடி அச்செடுத்தேன்.

முதலில் ஓரெஸ்ட்.
கரடியையே தள்ளிவிடும் தோள்.
எறிந்த வேகத்தில் காம்புப் பக்கம் பட்டு
கணீரென்று கீழே விழுந்தது.
கார்மைன் இரண்டு முறை தவறவிட்டு
கோடாரி கோணல் என்றான்.
டெஸ்மண்டுக்கு அது திரும்பி வந்தது,
தரையில் வழுக்கி அவர் செருப்பருகில் நின்றது.
அவரும்தான் சிரித்தார், கண்ணில் நீர் வர.
நல்ல மனிதர்.
கெட்டவராக இருந்திருந்தால்
என் பாடு கொஞ்சம் எளிது.

ஜீஸெல் வரமாட்டேன் என்றாள்.
வந்தாள்.
கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தாள்.
தக்!
நட்டநடுச் சிவப்பு.
கிடங்கே கத்தியது.
குளிர்பதனப் பெட்டித் தயிர் விவகாரத்தில்
மூன்று வருடமாக அவளோடு பேசாத ஓரெஸ்ட்
அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.
ஒற்றுமை வளர்க்கத்தான் வந்தோம்;
கண்ணெதிரே வளர்ந்தது, பாவம்.
எழுத்துப்பிழை அவள் பெயரில்தான்.

என் முறை.
கோட்டில் நின்றேன். பன்னிரண்டடி.
கையில் காம்பு, அது மரம்.
எதிரே பலகை, அதுவும் மரம்.
இந்தக் காம்புக்கு ஊரில் என்ன பெயரென்று
யாரும் சொல்லிக்காட்டவில்லை.
தூக்கினேன். முன்னால் கொண்டுவந்தேன்.
கண்ணுக்கு நேரே வந்தது, கடந்தது,
விரல் திறக்கவில்லை.
காலடியில் தரைப் பலகையில் இறங்கிற்று.
"தாமதமாக விடுகிறீர்கள்" என்றாள் ஷெல்பி.
இன்னொன்று. தரை.
இன்னொன்று.
"இர்யா, நீ அதைக் கட்டிக்கொண்டே போயிடுவே போல!"
கார்மைனின் குரல்.

பிறகு கோப்பை, பிளாஸ்டிக்.
பிறகு புகைப்படம். தோளில் கோடாரியோடு எல்லோரும்.
ஒளி மின்னியபோது
எண்ணாதே எண்ணாதே என்று சொல்லிக்கொண்டே
எண்ணினேன்.

வெளியே, ஏரிப் பக்கத்திலிருந்து காற்று.
என் காரின் முன்கண்ணாடியில் படிந்த பனியை
ஜீஸெல் தன் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தாள்,
நான் கேட்காமலே.
"வியாழன்தோறும் ஒரு லீக் இருக்காம்.
எட்டு வாரம்.
நம்ம அணிக்குப் பணம் கட்டிட்டேன்,
உனக்கும் சேர்த்து. அப்புறமா குடு."
ஒரு தாளை நீட்டினாள், பேனாவும்.
மேலே அவள் பெயர், கீழே ஓரெஸ்ட்,
மூன்றாவது வரி காலி.

உள்ளங்கையில் சிலாம்பு ஒன்று ஏறியிருந்தது,
பேனாவைப் பிடித்தபோதுதான் தெரிந்தது.
எழுதினேன்.
தெளிவாக, பிழையில்லாமல்.
அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள்,
"திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றாள்.
எஞ்சின் சூடாக
நேரம் எடுத்தது.